வட்டக் கொட்டகைகளும் சுழல்மேடைகளும் மறைந்த வரலாறு

ரயில் இன்ஜின்களைத் திசை திருப்புவதற்காகத் தண்டவாளத்தோடு சேர்ந்து சுற்றும் பாலம் சுழல்மேடை எனப்படும். ஆங்கிலத்தில் இதை டர்ன்டேபிள் என்பர். அதைச் சுற்றி வட்டமாகவோ அரைவட்டமாகவோ கட்டப்பட்ட இன்ஜின் கொட்டகை வட்டக் கொட்டகை ஆகும். இதன் ஆங்கிலப் பெயர் ரவுண்ட்ஹவுஸ். இவை 1830களில் பிரிட்டனில் தோன்றி, பின்னர் வட அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பரவின. நீராவி இன்ஜின்கள் ஓடிய காலம் முழுவதும் பெரிய ரயில்வே மையங்கள் பலவற்றில் இவ்விரண்டும் இருந்தன. டீசல் இன்ஜின்கள் வந்தபின் அவற்றின் தேவை வேகமாகக் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு, மூன்று பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களாகவும், கல்லூரியாகவும், கலை அரங்காகவும், மது ஆலையாகவும் மாறியுள்ளன.

இக்கட்டடங்கள் தோன்றிய காரணமும் மறைந்த காரணமும் ஒன்றே. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் தேவைக்கு ஏற்ப அவை வடிவமைக்கப்பட்டன. அந்த இயந்திரம் மாறியபோது அந்த வடிவமே அவற்றுக்குச் சுமையானது.

இன்ஜினை ஏன் திருப்ப வேண்டியிருந்தது

நீராவி இன்ஜினுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு உண்டு. முன்னால் புகைபோக்கியும் நீண்ட கொதிகலனும், அவற்றுக்குப் பின்னால் ஓட்டுநர் அறையும், அதற்கும் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் கொண்ட டெண்டர் வண்டியும் இருக்கும். பின்னோக்கியும் இதனால் ஓட முடியும். ஆனால் அப்போது டெண்டரில் குவிந்திருக்கும் நிலக்கரி ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். கரித்தூள் முகத்தில் அடிக்கும். வேகத்தையும் குறைத்தாக வேண்டும். ஆகவே நெடுந்தூரப் பயணம் முடிந்து திரும்பும் இன்ஜின் முகம் மாறி நிற்க வேண்டியிருந்தது.

இதற்கு மூன்று வழிகள் இருந்தன. தண்டவாளத்தை ஒரு பெரிய வளையமாக அமைத்து இன்ஜினைச் சுற்றி வரச் செய்வது முதல் வழி. மூன்று பாதைகளை முக்கோணமாக இணைத்து, முன்னும் பின்னும் ஓட்டித் திருப்புவது இரண்டாவது வழி. இவ்விரண்டுக்கும் நிறைய நிலம் வேண்டும். மூன்றாவது வழியான சுழல்மேடைக்கு இன்ஜினின் நீளத்தைவிடச் சற்றே பெரிய விட்டம் கொண்ட ஒரு குழி போதும். நகரங்களுக்குள் நெருக்கமான இடங்களில் அமைந்த ரயில்வே மையங்களுக்கு இதுவே ஏற்றதாக இருந்தது.

சுழல்மேடையின் அமைப்பு

சுழல்மேடை அமைப்பில் எளியது. தரையில் ஆழம் குறைந்த வட்டக் குழி ஒன்று வெட்டப்படும். குழியின் மையத்தில் வலுவான அச்சுத் தாங்கி ஒன்று நிறுவப்படும். அதன்மேல் இரும்புப் பாலம் ஒன்று குறுக்காக அமரும். பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள சிறு சக்கரங்கள் குழியின் விளிம்பில் பதித்த வட்டத் தண்டவாளத்தின்மேல் உருளும்.

பழைய சுழல்மேடைகளில் முழு எடையும் மையத் தாங்கியின் மீதே நின்றது. இன்ஜினைச் சரியாக நடுவில் நிறுத்திச் சமன்செய்தால், நூறு டன் எடையைக்கூட இரண்டு மூன்று பேர் கம்பைப் பிடித்துத் தள்ளிச் சுற்றிவிடலாம். சில அங்குலம் தவறினாலும் ஒரு முனை தாழ்ந்து, மேடை நகராது. கையால் தள்ளும் மேடைகளை அமெரிக்கத் தொழிலாளர்கள் வேடிக்கையாக 'ஆம்ஸ்ட்ராங்' மேடை என்று அழைத்தனர். வலிமையான கை என்பது அதன் பொருள். இன்ஜின்களின் எடை கூடியபோது மின்மோட்டார்களும் அழுத்தக் காற்றால் இயங்கும் மோட்டார்களும் பொருத்தப்பட்டன. பிரிட்டனில் இன்ஜினின் வெற்றிட பிரேக் அமைப்பிலிருந்தே ஆற்றலைப் பெற்றுச் சுழலும் மேடைகளும் இருந்தன. கார்லைல் நகரின் கௌவன்ஸ் ஷெல்டன், இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் ஆகியவை சுழல்மேடை தயாரிப்பில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள்.

வட்டக் கொட்டகையின் தோற்றம்

சுழல்மேடை இன்ஜினைத் திருப்பியதோடு, அதைப் பல பாதைகளுக்குப் பிரித்து அனுப்பவும் பயன்பட்டது. முப்பது இன்ஜின்களை முப்பது பாதைகளில் நிறுத்த வேண்டுமானால், சாதாரண அமைப்பில் இருபத்தொன்பது கிளைப் பிரிவுகள் தேவைப்படும். நடுவில் ஒரு சுழல்மேடை இருந்தால் அவற்றில் ஒன்றுகூட வேண்டாம். சக்கரத்தின் ஆரங்கள்போல மேடையிலிருந்து பாதைகள் விரிந்து செல்லும். எந்த இன்ஜினையும், மற்ற இன்ஜின்களை நகர்த்தாமலேயே, வெளியே எடுக்கலாம். இந்த ஆரங்களின்மேல் கூரை போட்டபோது வட்டக் கொட்டகை உருவானது.

2020இல் பர்மிங்காம் நகரின் கர்சன் தெருவில் புதிய அதிவேக ரயில் நிலையத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, 1837இல் இயங்கத் தொடங்கிய ஒரு வட்டக் கொட்டகையின் அடித்தளம் வெளிப்பட்டது. அது லண்டன் அண்ட் பர்மிங்காம் ரயில்வேக்காக ராபர்ட் ஸ்டீபன்சனின் வடிவமைப்பில் கட்டப்பட்டது. இன்றும் முழுமையாக நிற்கும் மிகப் பழைய வட்டக் கொட்டகைகளில் ஒன்று இங்கிலாந்தின் டார்பி நகரில் உள்ளது. நார்த் மிட்லண்ட் ரயில்வேக்காக 1839இல் கட்டப்பட்ட இது பதினாறு பக்கங்கள் கொண்ட பலகோணக் கட்டடமாகும்.

பிரிட்டனில் சுழல்மேடையையும் சேர்த்து முழு வட்டத்தையும் கூரைக்குள் அடக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலும் சுழல்மேடை திறந்தவெளியில் இருந்தது. அதைச் சுற்றி அரைவட்டமாகவோ, முக்கால் வட்டமாகவோ கொட்டகை நின்றது. இன்ஜின்கள் அதிகமானால் அரைவட்டத்தை இரு பக்கமும் நீட்டிக்கொள்ள இது வசதியாக இருந்தது.

கொட்டகைக்குள் நடந்த வேலை

வட்டக் கொட்டகையை இன்ஜின்களின் நிறுத்துமிடம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நீராவி இன்ஜினுக்கு அன்றாடப் பராமரிப்பு தேவை. ஓட்டம் முடித்து வரும் ஒவ்வோர் இன்ஜினும் முதலில் சாம்பல் குழியின்மேல் நிற்கும். அங்கே அடுப்பின் சாம்பலும் எரியாத கசடும் தட்டிக் கொட்டப்படும். பிறகு நிலக்கரி, தண்ணீர், சக்கரம் வழுக்காமலிருக்கத் தூவும் மணல் ஆகியவை நிரப்பப்படும். அதன்பின் சுழல்மேடை வழியாகக் கொட்டகைக்குள் தனக்குரிய பாதையில் சென்று நிற்கும்.

ஒவ்வொரு பாதைக்கும் அடியில் ஆய்வுக் குழி இருக்கும். தொழிலாளர்கள் அதில் இறங்கி இன்ஜினின் அடிப்பகுதியைச் சோதிப்பர். மேலே கூரையில் புகையை வெளியேற்றும் குழாய் இருக்கும்; இன்ஜினின் புகைபோக்கி அதற்கு நேர்கீழே நிற்கும்படி நிறுத்த வேண்டும். சில பாதைகளில் சக்கரங்களைக் கழற்றிக் கீழே இறக்குவதற்கு ஆழமான குழிகளும் இருந்தன.

கொதிகலனைக் கழுவுவது இவ்வேலைகளில் முக்கியமானது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் கொதிகலனுக்குள் படிந்து, வெப்பம் பரவுவதைத் தடுக்கும். கவனிக்காமல் விட்டால் வெடிப்புக்கும் வழிவகுக்கும். அமெரிக்காவில் 1911இல் இயற்றப்பட்ட கொதிகலன் ஆய்வுச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், குறைந்தது மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கொதிகலனையும் கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. நெருப்பை அணைத்து, இன்ஜினை ஆறவைத்து, கழுவி, மீண்டும் மூட்டி நீராவி ஏற்றுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நாடுகளில் இந்த வேலைகளுக்குக் கூரையும் சுவரும் கட்டாயத் தேவையாக இருந்தன.

இதனால் ஒவ்வொரு கொட்டகையும் பெருந்தொகையான ஆட்களுக்கு வேலை கொடுத்தது. கொதிகலன் தொழிலாளர், கம்மியர், இயந்திரப் பொறிவினைஞர், குழாய் வேலை செய்பவர், இன்ஜினைத் துடைப்பவர், நெருப்புக் காப்பவர் எனப் பல பிரிவினர் இரவு பகலாக முறைமாற்றி உழைத்தனர். கொட்டகை எல்லைக்குள் இன்ஜினை நகர்த்துபவர் 'ஹாஸ்ட்லர்' எனப்பட்டார். பழங்காலத்தில் விடுதிகளில் வழிப்போக்கர்களின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு வழங்கிய பெயர் அது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சாம்பல் அள்ளுதல், துடைத்தல் போன்ற கடினமான, கூலி குறைந்த வேலைகளிலேயே கறுப்பினத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டனர். கொட்டகையை நம்பியே பல ஊர்கள் உருவாயின.

தொழிலாளர் போராட்டங்களில் வட்டக் கொட்டகை

எல்லா இன்ஜின்களும் ஒரே சுழல்மேடை வழியாகத்தான் வெளியேற முடியும். மேடை பழுதானாலோ, ஓர் இன்ஜின் தவறிக் குழிக்குள் இறங்கினாலோ, கொட்டகை முழுவதும் அடைபட்டுவிடும். இந்தப் பலவீனம் தொழிலாளர் கையில் பலமாகவும் மாறியது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வேயின் பணிமனைகள் இருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பழைய பணிமனைகள் அழிக்கப்பட்டபின், 1866 முதல் அவை மீண்டும் கட்டப்பட்டன. வார்ப்பிரும்புச் சட்டங்களால் தாங்கப்பட்ட வட்டக் கொட்டகைகள் அவற்றில் அடங்கும். 1877 ஜூலையில் நிறுவனம் கூலியை மீண்டும் குறைத்தபோது, தொழிலாளர்கள் சரக்கு ரயில்களிலிருந்து இன்ஜின்களைக் கழற்றிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தினர். கூலிக் குறைப்பைத் திரும்பப் பெறும்வரை எந்த ரயிலும் புறப்படாது என்று அறிவித்தனர். இவ்வாறு தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாநிலங்களுக்குப் பரவி, 1877ஆம் ஆண்டின் பெரும் ரயில்வே வேலைநிறுத்தம் என்று பெயர்பெற்றது.

அதே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் கூட்டத்தின்மீது சுட்டுப் பலரைக் கொன்ற மாநிலப் படையினர், பென்சில்வேனியா ரயில்வேயின் வட்டக் கொட்டகைக்குள் தஞ்சம் புகுந்தனர். கொதித்தெழுந்த மக்கள் எரியும் சரக்குப் பெட்டிகளை அதை நோக்கி உருட்டிவிட்டனர். கொட்டகையோடு நூற்றுக்கும் மேற்பட்ட இன்ஜின்களும் எரிந்தன. 1922இல் பணிமனைத் தொழிலாளர்கள் சுமார் 4 லட்சம் பேர் கூலிக் குறைப்பை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். அதிலும் கொட்டகைத் தொழிலாளர்கள் பெரும்பங்கு வகித்தனர்.

நீண்டுகொண்டே போன இன்ஜின்கள்

டீசல் வருவதற்கு வெகுகாலம் முன்பே வட்டக் கொட்டகையின் அடிப்படைக் குறை வெளிப்பட்டுவிட்டது. நேரான கொட்டகையை எந்தப் பக்கமும் நீட்டலாம். வட்டக் கொட்டகையின் அளவோ நடுவிலுள்ள மேடையின் நீளத்தால் கட்டுப்பட்டது. மேடையை நீட்டினால் குழியை அகலமாக வெட்ட வேண்டும். பாதைகளையும் மாற்ற வேண்டும்.

லண்டனின் கேம்டன் பகுதியில் 1847இல் கட்டி முடிக்கப்பட்ட வட்டக் கொட்டகை இதற்குச் சான்று. 160 அடி விட்டமும் இருபத்துநான்கு வார்ப்பிரும்புத் தூண்களும் கொண்ட அக்கட்டடத்தின் சுழல்மேடை 36 அடி நீளமே உடையது. ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் இன்ஜின்கள் அந்த அளவைத் தாண்டிவிட்டன. 1871 முதல் அக்கட்டடம் ஒரு ஜின் மது நிறுவனத்தின் கிடங்காக மாறியது.

பிற இடங்களில் ரயில்வேக்கள் பழைய மேடையை எடுத்துவிட்டு நீண்ட மேடையைப் பொருத்தின. கொட்டகையின் பின்சுவரை உடைத்துச் சில பாதைகளை மட்டும் வெளிப்புறமாக நீட்டின. லண்டனின் ஓல்ட் ஓக் காமன் பகுதியில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1906இல் ஒரே கூரையின்கீழ் நான்கு சுழல்மேடைகள் கொண்ட மாபெரும் கொட்டகையைத் திறந்தது. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் ரயில்வே 1941 முதல் 1944 வரை வாங்கிய 25 'பிக் பாய்' இன்ஜின்கள் டெண்டரையும் சேர்த்து 132 அடிக்கும் அதிக நீளம் கொண்டவை. அவற்றுக்காகவே சில மையங்களில் 135 அடிச் சுழல்மேடைகள் நிறுவப்பட்டன. சுழல்மேடை தன் உச்ச அளவை எட்டிய அதே ஆண்டுகளில், அதைத் தேவையற்றதாக்கும் இயந்திரமும் ஓடத் தொடங்கியிருந்தது.

டீசலின் வருகை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இன்ஜின் பிரிவு 1939இல் எஃப்.டி. என்ற சரக்கு டீசல் இன்ஜினை உருவாக்கிப் பல ரயில்வேக்களில் ஓட்டிக் காட்டியது. நான்கு அலகுகள் சேர்ந்த அந்தத் தொகுப்பின் நீளம் ஏறத்தாழ 193 அடி. அதை எந்தச் சுழல்மேடையிலும் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தொகுப்பின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறைகள் இருந்தன. திரும்பிச் செல்ல வேண்டுமானால் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் போதும்.

பராமரிப்பிலும் டீசல் முற்றிலும் மாறுபட்டிருந்தது. அதில் சாம்பல் இல்லை. கழுவ வேண்டிய நீராவிக் கொதிகலன் இல்லை. காலையில் ஓடுவதற்காக இரவெல்லாம் நெருப்பைக் காக்க வேண்டியதில்லை. எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் தொடர்ந்து ஓடும். பழுதுபார்ப்பதற்கு இருபுறமும் திறந்த, உயரமான மேடைகள் கொண்ட நேர்க் கொட்டகையே பொருத்தம். ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் அத்தகைய கொட்டகையில் நீண்ட தொகுப்பைப் பிரிக்காமலேயே நிறுத்தலாம். வட்டக் கொட்டகையின் குறுகிய, ஆப்பு வடிவ இடங்களில் அதற்கு வழியில்லை.

மாற்றம் மிக வேகமாக நடந்தது. அமெரிக்காவின் சதர்ன் ரயில்வே 1953இலேயே நீராவியை முழுமையாகக் கைவிட்டது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் போன்ற கடைசிப் பெரிய ரயில்வேக்களிலும் 1960இல் நீராவி முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் 1968 ஆகஸ்டில் நீராவிச் சேவை முடிந்தது. ஓல்ட் ஓக் காமனின் பெருங்கொட்டகை 1964இல் இடிக்கப்பட்டு, அவ்விடம் டீசல் பணிக்கு மாறியது.

இந்த வேகத்தின் விலையைக் கொட்டகை ஊர்களே கொடுத்தன. டீசலுக்கு ஆட்களும் குறைவு, பணிமனைகளும் குறைவு. நீராவிக் காலத்தில் அடிக்கடி நின்று இன்ஜின் மாற்ற வேண்டியிருந்ததால் உருவான ஊர்களைப் புதிய ரயில்கள் நிற்காமலே கடந்தன. கொதிகலன் தொழிலாளர் போன்ற பிரிவினரின் கைத்திறனுக்கு ரயில்வேயில் இடமே இல்லாமல் போனது. கட்டடம் இடிபடும் முன்பே அதற்குள்ளிருந்த தொழில் மறைந்துவிட்டது.

இடிப்புக்கான காரணங்கள்

பயன் இழந்த கட்டடங்கள் எல்லாம் உடனே இடிக்கப்படுவதில்லை. வட்டக் கொட்டகைகள் இவ்வளவு வேகமாக மறைந்ததற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, அமெரிக்காவில் ரயில்வேக்கள் தம் கட்டடங்களுக்கு உள்ளாட்சிகளிடம் சொத்து வரி கட்டின. பயனற்ற கொட்டகையை இடித்தால் வரி குறையும்.

இரண்டாவது, சுழல்மேடையின் இரும்புப் பாலத்துக்குப் பழைய இரும்புச் சந்தையில் விலை இருந்தது. பாலத்தை விற்றுவிட்டு, குழியை இடிபாடுகளால் நிரப்பிச் சமப்படுத்துவது எளிது.

மூன்றாவது, கட்டடத்தின் வடிவம். ஆப்பு வடிவ இடங்களும், தரை முழுவதும் வெட்டப்பட்ட ஆய்வுக் குழிகளும், புகையால் அரித்த கூரையும் கொண்ட கட்டடத்தைக் கிடங்காகவோ தொழிற்சாலையாகவோ மாற்றச் செலவு அதிகம்.

நான்காவது, நிலத்தின் மதிப்பு. 19ஆம் நூற்றாண்டில் நகரின் ஓரத்தில் இருந்த ரயில்வே நிலங்கள், நகரம் வளர்ந்தபின் அதன் நடுவில் வந்துவிட்டன.

ஐந்தாவது, பாதுகாப்புச் சட்டங்கள் பிந்தியே வந்தன. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1966இல்தான் நிறைவேறியது. அதற்குள் டீசல் மாற்றம் முடிந்து, கொட்டகைகளில் கணிசமானவை தரைமட்டமாகியிருந்தன. மேலும், மக்களின் அன்புக்குரியவையாக இருந்தவை பயணிகள் நடமாடிய அழகிய நிலையங்கள். புகையும் சாம்பலும் சூழ்ந்த கொட்டகைக்குள் பொதுமக்கள் நுழைந்ததே இல்லை. அதனால் அதற்காகப் பேச ஆளில்லை.

டொராண்டோ: அருகருகே இருந்த இரண்டு கொட்டகைகள்

ஒரு கொட்டகை இடிவதற்கும் மற்றொன்று பிழைப்பதற்கும் இடையே எவ்வளவு சிறிய இடைவெளி இருந்தது என்பதைக் கனடாவின் டொராண்டோ நகரம் காட்டுகிறது. அந்நகரின் ஏரிக்கரையை ஒட்டிய ரயில்வே நிலத்தில், ஒன்றுக்கொன்று அருகிலேயே, இரண்டு போட்டி நிறுவனங்களின் வட்டக் கொட்டகைகள் இருந்தன. ஒன்று கனடியன் நேஷனல் ரயில்வேயின் ஸ்பதைனா கொட்டகை. மற்றொன்று கனடியன் பசிபிக் ரயில்வேயின் ஜான் தெருக் கொட்டகை.

ஜான் தெருக் கொட்டகை 1929க்கும் 1931க்கும் இடையே கட்டப்பட்டது. 32 இன்ஜின்கள் நிற்கக்கூடியது. அதன் சுழல்மேடை 120 அடி நீளமுடையது. ஒரு மைய நீராவி நிலையத்திலிருந்து குழாய் வழியே வந்த நீராவியை இன்ஜின்களுக்கு ஏற்றும் வசதி அங்கே இருந்தது. இதனால் கொட்டகைக்குள் நெருப்பு மூட்டாமலேயே இன்ஜின்களை நகர்த்த முடிந்தது. நகர மையத்தில் புகையும் குறைந்தது.

1970களில் அந்த நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. 1976இல் சி.என். கோபுரம் அங்கே எழுந்தது. ஸ்பதைனா கொட்டகை 1986இல் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் ஸ்கைடோம் விளையாட்டரங்கம் கட்டப்பட்டு 1989இல் திறக்கப்பட்டது. ஜான் தெருக் கொட்டகையும் அதே பத்தாண்டில் ரயில்வே பயன்பாட்டிலிருந்து விலகியது. ஆனால் 1990இல் அது கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நகரின் மாநாட்டு மையத்தை நிலத்தடியில் விரிவாக்கியபோது, கொட்டகையின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, வேலை முடிந்தபின் மீண்டும் பொருத்தினர். 2000இல் ஒரு பியர் ஆலை அதற்குள் குடியேறியது. 2010இல் டொராண்டோ ரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுழல்மேடையும் காப்பாற்றப்பட்டது.

இரண்டு கொட்டகைகளும் ஒரே நகரில், ஒரே வகைப் பணியைச் செய்தவை. ஒன்று சில ஆண்டுகள் முன்னதாக இடிப்பாளர்கள் கையில் சிக்கியது. மற்றொன்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் வாடகைக்கு ஆளும் உரிய நேரத்தில் கிடைத்தன.

தப்பிப் பிழைத்தவை

எஞ்சிய கொட்டகைகளின் வரலாற்றிலும் இதுபோன்ற தற்செயல்கள் நிறைந்துள்ளன.

*கேம்டன், லண்டன்:* மிகச் சீக்கிரமே பயனற்றுப் போனதால் கிடங்காக மாறிய இக்கட்டடம், டீசல் காலத்து இடிப்பிலிருந்து தப்பியது. 1960களில் நாடகாசிரியர் ஆர்னால்ட் வெஸ்கரின் முயற்சியால் கலை மையமானது. இடையில் மூடப்பட்டு, 2006இல் மீண்டும் திறக்கப்பட்டது. ரவுண்ட்ஹவுஸ் என்ற பெயரிலேயே இன்று இசை அரங்காக இயங்குகிறது.

*டார்பி, இங்கிலாந்து:* பல ஆண்டுகள் கைவிடப்பட்டுச் சிதைந்திருந்த 1839ஆம் ஆண்டுக் கட்டடத்தை டார்பி கல்லூரி புதுப்பித்து, 2009இல் தன் வளாகமாக்கியது.

*பால்டிமோர், அமெரிக்கா:* 1884இல் கட்டப்பட்ட இருபத்திரண்டு பக்கக் கொட்டகை பயணிகள் பெட்டிகளைப் பழுதுபார்க்க உதவியது. 1953இலேயே அருங்காட்சியகமானது. 2003 பிப்ரவரியில் பெய்த கடும் பனியின் எடையால் அதன் கூரையின் ஒரு பகுதி இடிந்து, கீழே இருந்த பழைய வண்டிகள் சேதமடைந்தன. சீரமைப்புக்குப் பின் 2004 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

*மார்ட்டின்ஸ்பர்க், அமெரிக்கா:* 1877 வேலைநிறுத்தம் தொடங்கிய பணிமனைகளில் இரண்டு வட்டக் கொட்டகைகள் எஞ்சியிருந்தன. 1990இல் விஷமிகள் வைத்த தீயில் ஒன்று அழிந்தது. மற்றொன்று உள்ளிட்ட வளாகம் 2003இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

*ஸ்பென்சர், வட கரோலினா:* சதர்ன் ரயில்வே 1896இல் நிறுவிய பணிமனை ஊர். அதன் முதல் தலைவரான சாமுவேல் ஸ்பென்சரின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. 1924இல் கட்டப்பட்ட 37 இடங்கள் கொண்ட கொட்டகை இங்கே உள்ளது. நீராவி முடிந்தபின் 1960இல் பணிமனை மூடப்பட்டது. சிறிய ஊர் என்பதால் நிலத்துக்குப் போட்டி இருக்கவில்லை. 1970களின் இறுதியில் ரயில்வே அதை மாநிலத்துக்கு நன்கொடையாக அளித்தது. இன்று அது வட கரோலினா போக்குவரத்து அருங்காட்சியகம்.

*ஈஸ்ட் பிராட் டாப், பென்சில்வேனியா:* 1956இல் மூடப்பட்ட இந்தக் குறுகிய பாதை ரயில்வேயை ஒரு பழைய இரும்பு வியாபாரி வாங்கினார். இன்ஜின்களையும், எட்டு இடங்கள் கொண்ட வட்டக் கொட்டகையையும் அவர் உடைத்து விற்காமல் விட்டுவைத்தார். 1960இல் சுற்றுலா ரயிலும் ஓடியது. நீராவிக் காலத்துப் பணிமனை பெருமளவு மாறாமல் எஞ்சிய அரிய இடங்களில் இது ஒன்று. 2020இல் ஓர் அறக்கட்டளை இதை வாங்கிச் சீரமைத்து வருகிறது.

*வான்கூவர், கனடா:* இங்குள்ள கொட்டகை 1986ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை முன்னிட்டுக் காக்கப்பட்டு, பின்னர் சமூக மையமாகியது. 1887இல் கண்டத்தைக் கடந்து வான்கூவருக்கு முதல் பயணிகள் ரயிலை இழுத்து வந்த 374ஆம் எண் இன்ஜின் அங்கே வைக்கப்பட்டுள்ளது.

*கியோத்தோ, ஜப்பான்:* 1914இல் வலுவூட்டிய கான்கிரீட்டில் கட்டப்பட்ட உமேகோஜி கொட்டகையில் 20 இடங்கள் உள்ளன. 1972இல் நீராவி இன்ஜின் அருங்காட்சியகமான இது, 2004இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. தற்போது கியோத்தோ ரயில்வே அருங்காட்சியகத்தின் பகுதியாக உள்ளது.

இவற்றை ஒப்பிட்டால் ஒரு பொதுத்தன்மை தெரியும். சீக்கிரமே வேறு பயன் கிடைத்தவை, நிலத்துக்கு மதிப்பில்லாத இடத்தில் நின்றவை, உரிமையாளர் இடிக்காமல் தள்ளிப்போட்டவை ஆகியவையே பெரும்பாலும் பிழைத்துள்ளன. கட்டட அழகும் வரலாற்று முக்கியத்துவமும் மட்டுமே எந்தக் கொட்டகையையும் காப்பாற்றிவிடவில்லை.

சுழல்மேடை இல்லாத பாதைகள்

இந்த இழப்பின் விளைவு இன்றைய பாரம்பரிய நீராவி ரயில்களில் நேரடியாகத் தெரிகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய நீராவி இன்ஜின்கள் சீரமைக்கப்பட்டு, முதன்மைப் பாதைகளில் சிறப்புப் பயணங்களாக ஓடுகின்றன. ஆனால் பயணத்தின் முடிவில் அவற்றைத் திருப்பச் சுழல்மேடை இருப்பதில்லை. முக்கோணப் பாதை இருக்கும் இடம்வரை செல்வதும், வால்பகுதியில் டீசல் இன்ஜினை மாட்டித் திரும்புவதும், டெண்டர் முன்னாக மெதுவாக ஓடுவதும் வழக்கமாகியுள்ளன. இன்ஜினைக் காப்பாற்றியவர்கள், அது இயங்கத் தேவையான அமைப்பு முழுவதும் அழிந்துவிட்டதைப் பின்னரே உணர நேர்ந்தது.

சுழல்மேடை முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை கொண்ட டீசல் இன்ஜின்களைத் திருப்புவதற்காக அமெரிக்க ரயில்வேக்கள் சில இடங்களில் பழைய மேடைகளை இன்றும் பயன்படுத்துகின்றன. யார்க் நகரில் 1975இல் திறக்கப்பட்ட பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், பழைய இன்ஜின் கொட்டகையின் சுழல்மேடைகளைச் சுற்றியே அமைக்கப்பட்டது. அவற்றில் ஒன்று இன்றும் காட்சிக் கூடத்தின் நடுவில் உள்ளது. சான்பிரான்சிஸ்கோவின் பவல் தெருவில் ஓடும் கேபிள் கார்களும் ஒருபக்கம் மட்டுமே முகம் கொண்டவை. பாதையின் முடிவில் ஊழியர்கள் அவற்றைச் சுழல்மேடையில் நிறுத்தி, இன்றும் கையாலேயே தள்ளித் திருப்புகின்றனர்.

மற்ற இடங்களில் நிரப்பப்பட்ட குழிகளின் வட்டத் தடங்கள் வாகன நிறுத்துமிடங்களுக்கும் புதர்களுக்கும் நடுவே மங்கலாகத் தெரிகின்றன. மேலிருந்து எடுத்த படங்களில் அவை இன்னும் தெளிவாகப் புலப்படும். கர்சன் தெருவில் நடந்ததுபோல, புதிய ரயில் பாதைக்காக நிலத்தைத் தோண்டும்போது பழைய ஆரப் பாதைகளின் அடித்தளம் வெளிப்படுவதும் உண்டு. தொழில் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இவை இன்று முக்கியச் சான்றுகளாக விளங்குகின்றன.